அடைப்புக்குறிக்குள் யார் பெயர்?

பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அதை எழுதியது யார் என்று பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கேசட் காலத்தில் வந்தது. உறைக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை உருவி, கண்ணருகே கொண்டுபோய், பொடி எழுத்தையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் டேப் ரெக்கார்டரில் போடுவேன். "பாட்டு கேக்கப் போறியா, இல்ல பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று அக்கா எரிந்து விழுவாள். இப்போது கேசட்டும் இல்லை, காகிதமும் இல்லை. செல்போனில் மூன்று புள்ளிகளை அமுக்கினால் பெயர்கள் வந்து நிற்கின்றன.

அப்படித்தான் போன மாதம் ஒரு பழைய அமெரிக்கப் பாட்டின் பெயர்களைத் திறந்தேன். இரண்டே பெயர்கள். ஒன்று பாடிய பையனுடையது. மற்றது ஒரு கம்பெனி முதலாளியுடையது. பாட்டு எழுதுவதெல்லாம் தனக்குக் கைவந்த வேலையில்லை என்று விசாரணையில் தன் வாயாலேயே கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டவர் அவர். அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்று தோண்டப் போய் மூன்று வாரம் போய்விட்டது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. டீயோடு உட்காருங்கள்.

பாட்டின் பெயர் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்'. பாடியவர்கள் 'தி டீனேஜர்ஸ்' என்ற ஐந்து பையன்கள். நியூயார்க்கின் ஜீ ரெகார்ட்ஸ் கம்பெனி 1956 ஜனவரியில் வெளியிட்டது. இரண்டரை நிமிடம்கூட ஓடாது. முதலில் ஒரே ஒரு அடிக்குரல், தனியாக. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஜதி சொல்கிற மாதிரி, அர்த்தமே இல்லாத அசைகளை உருட்டிக்கொண்டு வரும். அது ஒரு சுற்று சுற்றி முடித்ததும் மற்றவர்கள் வந்து சேர்வார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பையன் வருவான். ஃப்ராங்கி லைமன், வயது 13. இன்னும் உடையாத குரல். உச்சத்துக்குப் போகும்போது கீச்சிடாமல், நம் வீட்டு வாண்டு மொட்டைமாடியிலிருந்து கூப்பிடுவதுபோல அவ்வளவு சாதாரணமாகப் போய் உட்காரும். நடுவில் ஜிம்மி ரைட்டின் சாக்ஸஃபோன் கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போகும். அவ்வளவுதான் பாட்டு.

இந்த வகைப் பாட்டுக்கு டூ-வாப் என்று பெயர். அந்தப் பெயரே 1960களில்தான் இந்த இசைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பாடிக்கொண்டிருந்த காலத்தில் யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. நம்முடைய 'தன்னானே' மாதிரி, பின்னால் நிற்பவர்கள் போடும் பொருளற்ற அசைகளிலிருந்து எடுத்த பெயர். கையில் காசில்லாத பையன்களின் இசை இது. கிதார் வேண்டாம், பியானோ வேண்டாம். நான்கைந்து பேர் இருந்தால் போதும்: ஒருவன் முன்குரல், ஒருவன் அடிக்குரல், மற்றவர்கள் நடுவில் நின்று சுவரெழுப்புவார்கள். வாத்தியம் செய்ய வேண்டிய வேலையை வாய் செய்யும். தாளத்துக்கு விரல் சொடுக்கு. எங்கே எதிரொலி நன்றாக வருகிறதோ அங்கே பாடுவார்கள்: தெருமுனை, மாடிப்படி, சுரங்க ரயில் நிலையம், ஓடு பதித்த பள்ளிக் கழிப்பறை. குளியலறையில் நம் குரல் நமக்கே ஏசுதாஸ் மாதிரி கேட்கிறதே, அதே சூட்சுமம்தான்.

குழுக்களுக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு மோகம் இருந்தது. ரேவன்ஸ், ஓரியோல்ஸ், பெங்குவின்ஸ், ஃப்ளமிங்கோஸ், க்ரோஸ் என்று ஒரு பறவைக் கூட்டம். கேடிலாக்ஸ், இம்பாலாஸ் என்று ஒரு கார் வரிசை. வாங்க முடியாத காரின் பெயரையாவது வைத்துக்கொள்வோம் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

நம் ஆட்களும் இந்த வழியில்தான் வந்தார்கள். மன்ஹாட்டனின் வடகோடியில், ஹார்லெமுக்கு மேலே, வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதி. அங்கே எட்வர்ட் ஸ்டிட் நடுநிலைப் பள்ளியில் படித்த ஜிம்மி மெர்ச்சன்ட், ஷெர்மன் கார்ன்ஸ் என்ற இரண்டு கறுப்பினப் பையன்கள் 1954 வாக்கில் ஒரு குழு தொடங்கினார்கள். பெங்குவின்ஸின் 'எர்த் ஏஞ்சல்' அப்போது நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. குழுவுக்கு 'எர்த் ஏஞ்சல்ஸ்' என்றே பெயர். பிறகு அதே வட்டாரத்தின் இரண்டு புவர்ட்டோ ரிக்கோ பையன்கள் சேர்ந்தார்கள், ஹெர்மன் சாண்டியாகோவும் ஜோ நெக்ரோனியும். நால்வரானதும் 'கூப் டி வில்ஸ்' (பார்த்தீர்களா, கார்!), அப்புறம் 'எர்மைன்ஸ்', அப்புறம் 'ப்ரீமியர்ஸ்' என்று சட்டை மாற்றுவதுபோலப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். முன்குரல் சாண்டியாகோ. அந்த அடிக்குரல் சொன்னேன் இல்லையா, அது கார்ன்ஸ்.

பள்ளி விழா ஒன்றில் இவர்கள் பாடியதைக் கேட்டவன்தான் ஃப்ராங்கி. அப்போது வயது 12. வீட்டில் எல்லோரும் பாடுகிறவர்கள். அப்பா லாரி ஓட்டுபவர், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். இருவரும் ஹார்லமேர்ஸ் என்ற தேவாலயப் பாடல் குழுவில் இருந்தார்கள். பிள்ளைகள் அதன் குட்டிக் குழுவில். ஃப்ராங்கி மளிகைக் கடையில் எடுபிடி வேலையும் பார்த்தான். சாண்டியாகோவோடு சிநேகம் பிடித்துக் குழுவுக்குள் வந்துவிட்டான். இரண்டு கறுப்பினப் பையன்கள், இரண்டு புவர்ட்டோ ரிக்கோ பையன்கள், ஒரு பொடியன். இந்தக் கலவை அன்றைக்கு அபூர்வம்.

இனி அந்தப் பாட்டு.

கார்ன்ஸ் குடியிருந்த கட்டடத்தில் ஒரு மனிதர். இந்தப் பையன்கள் எந்நேரமும் நடையில் நின்று பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டுக் கேட்டு, 'அடுத்தவன் பாட்டையே பாடிக்கிட்டிருக்கீங்களே, சொந்தமா ஏதாவது பண்ணுங்கடா' என்கிற மனநிலைக்கு வந்திருக்க வேண்டும். தன் காதலி தனக்கு எழுதிய கடிதங்களை, அவற்றிலிருந்த கவிதைகளோடு, பையன்களிடம் கொடுத்தார். உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. காதலி எழுதிய கடிதத்தை இன்னொருவரிடம் தூக்கிக் கொடுக்கிற மனிதரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் அவர் கொடுக்காவிட்டால் பாட்டு இல்லை. அதில் ஒரு கவிதை, பறவைகள் ஏன் இவ்வளவு சந்தோஷமாகப் பாடுகின்றன என்று கேட்டது. அதை எடுத்துக்கொண்டுபோய் சாண்டியாகோவும் மெர்ச்சன்டும் பாட்டாக உருட்டினார்கள். எழுதிய பெண்மணிக்குத் தன் வரி உலகம் சுற்றியது தெரிந்திருக்குமா? தட்டில் எழுதியவர் பெயர் போடும் அடைப்புக்குறியில் ஒரு நாளும் ஏறாத முதல் பெயர் அவருடையது.

ரிச்சர்ட் பாரெட் என்று ஒருவர் அதே பக்கத்தில் குடியிருந்தார். வேலன்டைன்ஸ் குழுவின் பாடகர். கூடவே ஜார்ஜ் கோல்ட்னர் என்ற ரெகார்டு கம்பெனிக்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று, அவர் காதில் விழும்வரை பையன்கள் பாடினார்கள் என்பது இவர்களைப் பற்றிச் சொல்லப்படும் புகழ்பெற்ற கதை. தொல்லை தாங்காமலோ, பிடித்துப்போயோ, பாரெட் அவர்களைக் கோல்ட்னரிடம் அழைத்துப் போனார்.

கோல்ட்னர் சுவாரசியமான ஆசாமி. முதலில் மாம்போ இசைப் பைத்தியம். டிக்கோ என்ற லத்தீன் இசைக் கம்பெனி நடத்தினார். க்ரோஸ் குழுவின் 'ஜீ' பாட்டு ஓடு ஓடென்று ஓடியதும், அந்தப் பாட்டின் பெயரிலேயே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எது பிடிக்குமோ அது அவருக்குப் பிடிக்கும் என்று தொழிலில் பேசிக்கொள்வார்கள். கேலி இல்லை, தட்டுகளை வாங்கியவர்களே அந்த வயதுப் பெண்கள்தான். அவருக்கு ஒரு வியாதியும் இருந்தது: குதிரைப் பந்தயம். கதையில் இது பின்னால் வேலை செய்யும்.

பையன்கள் பாடிக் காட்டிய அன்று என்ன நடந்தது என்பதில் ஆளுக்கொரு கதை. சாண்டியாகோவுக்குத் தொண்டை கட்டியிருந்தது, அதனால் ஃப்ராங்கி முன்னால் வந்தான் என்பது ஒன்று. இல்லையில்லை, ஃப்ராங்கியின் குரலைக் கேட்ட கம்பெனிக்காரர்கள்தான் அவனை முன்னால் நிறுத்தினார்கள் என்பது இன்னொன்று. எப்படியோ, சாண்டியாகோ பாடுவதற்காகப் பிறந்த பாட்டை ஃப்ராங்கி பாடினான், பாடும்போது மெட்டைத் தன் குரலுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டான். அவன் இல்லாமல் அந்தப் பாட்டு இன்றைக்கு நமக்கு வந்திருக்காது என்பதிலும் சந்தேகமில்லை. அவன் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 'ப்ரீமியர்ஸ்' என்ற பெயரை மாற்றி 'டீனேஜர்ஸ்' என்று வைத்துக்கொள்ளச் சொன்னது சாக்ஸஃபோன்காரர் ஜிம்மி ரைட் என்கிறார்கள்.

தட்டு வந்தது. நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் பாட்டின் பெயர், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயர். ஆரம்பத்தில் வந்த தட்டுகளில் லைமன் பெயரோடு சாண்டியாகோ பெயரும் இருந்தது. மெர்ச்சன்ட் பெயர் அப்போதே இல்லை. பிறகு வந்த தட்டுகளில் சாண்டியாகோவும் காணாமல் போய், லைமன், கோல்ட்னர் என்று ஆகிவிட்டது.

இந்த அடைப்புக்குறிக்கு ஏன் இவ்வளவு அடிபிடி? கணக்கு இதுதான். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு தட்டு விற்றால் அதிலுள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் 2 சென்ட், எழுதியவரும் வெளியீட்டாளரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ரேடியோவில் ஒலித்தால் எழுதியவருக்குக் காசு. பாடியவருக்கு ஒரு சல்லி கிடையாது. அமெரிக்க வானொலி நிலையங்களில் இன்றைக்கும் அப்படித்தான். வேறு யாராவது அதே பாட்டை மறுபடி பாடி வெளியிட்டாலும் எழுதியவருக்குத்தான் பணம். பாடியவனின் பங்கில் ஸ்டூடியோ வாடகை, சட்டை தைத்த கூலி என்று கம்பெனி எதையாவது கழித்துக்கொண்டே இருக்கும். ஆக, பாடுவது ஒரு நாள் கூலி, எழுதுவது தென்னந்தோப்பு. பள்ளிக்கூடப் பையன்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது? தெரிந்தவர்கள் தோப்பைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொண்டார்கள். இதை ஏதோ ஒரு கம்பெனியின் அக்கிரமம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்து ரெகார்டு வியாபாரத்தில் முதலாளி பெயரைப் பாட்டில் சேர்ப்பது டீக்கடையில் டீயோடு பிஸ்கட் எடுத்துக்கொள்வது மாதிரி சகஜம்.

ஓடியதா என்றால், பிய்த்துக்கொண்டு ஓடியது. பில்போர்டின் பாப் பட்டியலில் 6ஆம் இடம், ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். அந்த ஜூலையில் பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடம். வெள்ளைக்காரப் பாடகர்கள் வழக்கப்படி உடனே நகலெடுத்துப் பாடினார்கள். டைமண்ட்ஸ் குழு ஒரு பக்கம், தொலைக்காட்சி நடிகை கேல் ஸ்டார்ம் ஒரு பக்கம். டீனேஜர்ஸ் வெள்ளை ஸ்வெட்டரில் பெரிய டி எழுத்தைத் தைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1957இல் லண்டன் பலேடியம் வரை போய் வந்தார்கள். நடுவில் இன்னும் சில பாட்டுகளும் ஓடின.

அந்த வருடமே குழு உடைந்துவிட்டது. உடைத்தது கம்பெனிதான். ஃப்ராங்கியைத் தனியாக விற்றால் லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். 'குடி குடி' என்ற அடுத்த தட்டில் 'ஃப்ராங்கி லைமன் அண்ட் தி டீனேஜர்ஸ்' என்றே போட்டிருந்தது. ஆனால் பின்னால் பாடியது இந்த நால்வர் இல்லை, கூலிக்கு வந்த ஸ்டூடியோப் பாடகர்கள். தங்கள் பெயர் போட்ட தட்டில் தங்கள் குரல் இல்லாததைக் கேட்டு அந்த நால்வருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்கள் வேறு முன்குரல்களை வைத்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை.

அதே 1957 ஜூலையில் ஒரு நிகழ்ச்சி. வானொலிப் புகழ் ஆலன் ஃப்ரீடுக்கு ஏபிசி தொலைக்காட்சியில் நேரலை நிகழ்ச்சி கிடைத்திருந்தது. அதில் பாடிவிட்டு ஃப்ராங்கி, கூட்டத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு கொஞ்சம் ஆடிவிட்டான். 14 வயதுக் கறுப்பினப் பையன். தென் மாநில நிலையங்கள் கொதித்தெழுந்தன, நிகழ்ச்சியே நின்றுபோனது. ஐந்து பேரில் இரண்டு நிறம் கலந்து நின்று பாடியபோது சும்மா இருந்தவர்கள், அந்தப் பையனின் நான்கு அடி நடனத்தைத் தாங்கவில்லை.

பிறகு ஃப்ராங்கியின் குரல் உடைந்தது. குரல் உடையாத பையனாகத்தான் அவனை விற்றிருந்தார்கள். ஹெராயின் 15 வயதிலேயே வந்துவிட்டதாக அவனே பின்னாளில் எபனி பத்திரிகைக்குச் சொன்னான். போன இடமெல்லாம் குழந்தை நட்சத்திரம் என்று விளம்பரம் செய்தார்கள், ஆனால் தான் குழந்தையாக ஒருநாளும் இருந்ததில்லை என்றும் அதே பேட்டியில் சொல்லியிருக்கிறான். (இருபதைத் தாண்டியவனை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. அந்தப் பதின்மூன்று வயதுக் குரலைக் கேட்டுவிட்டு எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள்.) சிகிச்சை, மீட்சி, மறுபடி சறுக்கல். ராணுவம் இழுத்துக்கொண்டது, ஜார்ஜியாவில் ஃபோர்ட் கோர்டன் முகாம். அங்கேதான் எமிரா ஈகிள் என்ற பள்ளி ஆசிரியையைச் சந்தித்து 1967இல் கல்யாணம். 1968 பிப்ரவரியில் மறுபடி தட்டுப் பதிவு செய்ய நியூயார்க் வந்தவன், 27ஆம் தேதி தான் வளர்ந்த பாட்டி வீட்டுக் குளியலறையில் இறந்து கிடந்தான். அளவு மீறிய ஹெராயின். வயது 25. ப்ராங்க்ஸில் செயின்ட் ரேமண்ட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பல வருடம் அங்கே பெயர்க்கல்கூட இல்லை.

இதற்குள் கோல்ட்னரின் குதிரைகள் தோற்றுக்கொண்டே இருந்தன. கடன் ஏறியது. கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டவர் மோரிஸ் லெவி. இந்தப் பதிவில் நான் தொடக்கத்தில் சொன்ன முதலாளி.

லெவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பெயர்பெற்ற ஜாஸ் கிளப்பான பேர்ட்லேண்டை நடத்தியவர். ஒருநாள் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கமான ஆஸ்கேப்பிலிருந்து ஓர் ஆள் வந்து, இங்கே பாட்டு வாசிக்கிறீர்கள், மாதம் இவ்வளவு கட்டு என்றானாம். இது என்னடா புது மாமூல் என்று வக்கீலைக் கேட்டால், சட்டமே அப்படித்தான் என்றாராம். பாட்டை வைத்திருந்தால் ஊரே வந்து பணம் கட்டுமா என்று அங்கேதான் லெவிக்கு விளக்கு எரிந்தது. உடனே வெளியீட்டுக் கம்பெனி தொடங்கி, ஜார்ஜ் ஷியரிங்கைக் கொண்டு கிளப்பின் பெயரிலேயே ஒரு பாட்டு எழுத வைத்தார். அது ஜாஸ் உலகின் நிலையான சொத்தாகிவிட்டது. அதன் பிறகு ரூலட் ரெகார்ட்ஸ். மாஃபியாக் குடும்பங்களோடு அவருக்கிருந்த பழக்கம் ஊரறிந்தது. 1988இல் மிரட்டிப் பணம் பறிக்கச் சதி செய்த வழக்கில் தண்டிக்கப்பட்டு, சிறைக்குப் போகும் முன்பே 1990இல் இறந்தார்.

கோல்ட்னரின் கம்பெனிகளோடு அடைப்புக்குறியும் கைமாறியது. எழுதியவர்: லைமன், லெவி. வீட்டை விற்றால் பட்டாவில் பெயர் மாறும், புரிகிறது. வீட்டைக் கட்டிய கொத்தனார் பெயரும் மாறுமா? இங்கே மாறியது. பிற்பாடு வழக்கில் லெவியை விசாரித்தபோது, நீங்கள் எப்படிப் பாட்டு எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு தாளத்தைப் பிடிப்போம், சொல்லும் இசையும் சேர்ப்போம் என்கிற தோரணையில் பதில் சொல்லிவிட்டு, ஷோபன் எழுதுகிற மாதிரி நான் எழுதுவேன் என்று சொன்னால் அது உங்களைத் தவறாக நினைக்க வைப்பதாகும் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வாக்குமூலத்தைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஃப்ராங்கி இறந்து பதிமூன்று வருடம் அந்தத் தோப்பில் பெரிதாக எதுவும் காய்க்கவில்லை. 1981இல் டயானா ராஸ் அந்தப் பாட்டைப் பாடினார். ஆல்பத்துக்கே அதுதான் பெயர். அமெரிக்காவில் 7ஆம் இடம். பணம் கொட்டியது. உடனே ஒரு கேள்வி: லைமனின் பங்கு யாருக்கு?

மூன்று பெண்கள் வந்தார்கள். 1964இல் கல்யாணம் செய்துகொண்ட எலிசபெத் வாட்டர்ஸ். 1965இல் மெக்சிகோவில் மணந்ததாகச் சொன்ன ஸோலா டெய்லர்; அவர் ப்ளாட்டர்ஸ் குழுவின் பாடகி. அப்புறம் எமிரா. மூவரில் ஒருவரையும் அவன் விவாகரத்து செய்யவில்லை. எலிசபெத்துக்கோ, ஃப்ராங்கியை மணந்தபோது முந்தைய கல்யாணமே முறைப்படி முடிந்திருக்கவில்லை. முதல் தீர்ப்பு எலிசபெத்துக்குப் போயிற்று. 1989இல் மேல்முறையீட்டில் எமிராதான் சட்டப்படியான மனைவி என்றார்கள். இந்தச் சண்டையை 1998இல் கிரெகரி நாவா படமாக எடுத்தார், பாட்டின் பெயரிலேயே. ஹாலி பெர்ரி ஸோலாவாக வருவார். படம் பொழுதுபோக்குதான், ஆனால் மூன்று மனைவிகளுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியைக்கூட மற்ற நால்வருக்குக் கொடுக்கவில்லை.

அந்த நால்வரில் இருவருக்கு எதையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கார்ன்ஸ் 1977இல் இதய அறுவைச் சிகிச்சையின்போது இறந்தார். நெக்ரோனி அடுத்த வருடம், மூளையில் ரத்தக்கசிவு. மிஞ்சியவர்கள் சாண்டியாகோவும் மெர்ச்சன்டும். 1987இல் இருவரும் வழக்குப் போட்டார்கள். பாட்டை எழுதியது நாங்கள், எங்கள் பெயரைப் போடுங்கள் என்று.

இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பார்கள் இல்லையா, கேட்டார்கள். பயம் என்றார்கள். பணம் கேட்டுப் போனபோது லெவி தன்னை மிரட்டினார் என்று சாண்டியாகோ சொன்னார். லெவியின் பின்னணியை வைத்துப் பார்த்தால் அதை வெறும் பேச்சு என்று தள்ளிவிட்டுப் போகிறவர் யார்? 1992 டிசம்பரில் ஃபெடரல் நீதிமன்ற ஜூரி இவர்கள் பக்கம் நின்றது: ஆம், சாண்டியாகோவும் மெர்ச்சன்டும்தான் பாட்டின் ஆசிரியர்கள், லைமனோடு சேர்த்து. மறு வருடம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவுக்கு இடம். நல்ல காலம் வந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. காரணம்தான் தூக்கிவாரிப் போடுகிறது. இவர்கள் எழுதவில்லை என்று நீதிபதிகள் சொல்லவில்லை. உரிமை பறிபோனது தெரிந்த மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் முப்பது வருடம் கழித்து வந்திருக்கிறீர்கள், காலவரம்பு கடந்துவிட்டது, போய்வாருங்கள் என்றார்கள். 1956இலிருந்து மூன்று வருடம் என்றால் 1959. அப்போது சாண்டியாகோவுக்கு வயது 18. அந்தப் பையன் லெவி மாதிரி ஓர் ஆள்மேல் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். காலவரம்பு என்ற ஒன்று ஏன் தேவை என்று எனக்கு ஒரு வக்கீல் நண்பர் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். சாட்சிகள் செத்துப்போவார்கள், காகிதங்கள் தொலைந்துபோகும், ஐம்பது வருடத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் நான்தான் எழுதினேன் என்று வரலாம் என்றெல்லாம். சரிதான், சரிதான் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மறுபடி பாட்டைப் போட்டதும் ஒன்றும் சரியாகப் படவில்லை.

ஆக, செல்போனில் மூன்று புள்ளிகளை அமுக்கினால் இன்றைக்கும் வருவது லைமன், லெவி.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பாட்டை மட்டும் கேட்காதீர்கள். 1956இல் வந்த 'ராக், ராக், ராக்' படத்தில் இவர்கள் பாடும் காட்சியைத் தேடிப் பாருங்கள். கதை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது, ஓட்டிவிடலாம். நான் தறுதலைப் பையன் இல்லை என்று ஃப்ராங்கி பாடுவான். அவன்மேலிருந்து கண்ணை எடுப்பது கஷ்டம். கையும் காலும் ஒரு இடத்தில் நிற்காது. முதல் தடவை அவனையே பார்த்துவிடுங்கள். இரண்டாம் தடவை அவனுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பாருங்கள். நான் அந்த நாலு முகத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் யார் என்று பிரித்தறிய ஒரு சாயங்காலம் முழுவதும் ஆயிற்று.